கிட்டப் போக ஒரு கண்ணாடி

செட்டிகுளத்திலும் வவுனியாவிலும் குறும்படம் எடுக்கிற பெடியள் சிலரிடம் இப்போது அனமோர்பிக் லென்ஸ் இருக்கிறது. முன்பெல்லாம் இந்த அகலத்திரை லென்ஸ் என்றால் பெரிய படக்காரர் நாள் வாடகைக்கு எடுக்கும் பொருள். 2020இல் சிறூய் கம்பனி 50 மில்லிமீற்றர் லென்ஸை வெளியிட்ட பிறகு, கல்யாண வீட்டு வீடியோவில் உழைத்த காசைச் சேர்த்துப் பாவித்த ஒன்றையாவது வாங்கலாம் என்ற நிலை வந்தது. எனக்கு அதில் பெரிய சந்தோசம். ஆனால் வாங்கிய கையோடு எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "அண்ணை, கிட்டப் போனா ஃபோகஸ் நிக்குதில்லை. எந்த டயொப்டர் வாங்கிறது?"

அந்தச் சிறூய் லென்ஸ் 85 சென்ரிமீற்றருக்கு உள்ளே வந்த எதையும் தெளிவாகக் காட்டாது. முகத்துக்கு அது ஒருமாதிரிச் சமாளிக்கும். எங்கள் கதைகளுக்குக் காணாது. போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாமை 2012 செப்ரெம்பரில் மூடிவிட்டார்கள். இந்தப் பக்கத்துப் பெடியள் எழுதும் கதைகளோ இன்னமும் ஒரு தாயின் கையிலுள்ள சின்னப் படத்தைச் சுற்றியே நிற்கின்றன. அப்படியொரு படப்பிடிப்பில் நானும் நின்றேன். விறாந்தையில் பாய் போட்டு அம்மா இருந்தார். கையில் மகனின் அடையாள அட்டைக்கு எடுத்த படம், பிளாஸ்ரிக் உறைக்குள், ஒரு மூலை மடிந்தபடி. ஏபிஎஸ்-சி கமராவில் 85 சென்ரிமீற்றர் தூரத்தில் சட்டத்தின் உயரத்துக்குள் ஏறத்தாழ 18 சென்ரிமீற்றர் அடங்கும். நாலரைச் சென்ரிமீற்றர் படம் அதில் கால்வாசி. அதற்குள் மகனின் முகம் எவ்வளவு இருக்கும்? "இன்னும் கிட்ட வா தம்பி, நான் பிடிச்சுக்கொண்டு இருக்கிறன்" என்று அம்மாதான் சொன்னார். கமரா பிடித்த பெடியனால் போக முடியவில்லை.

லென்ஸின் முன்னால் திருகுகிற ஒரு குவிவில்லைதான் டயொப்டர். வாசிப்புக் கண்ணாடிக்குச் சொல்கிற +1, +2 என்ற அதே கணக்குத்தான் இதற்கும். ஒன்றை அந்த எண்ணால் வகுத்தால் மீற்றரில் தூரம் வரும்: +0.5க்கு 2 மீற்றர், +1க்கு 1 மீற்றர், +2க்கு அரை மீற்றர். லென்ஸை முடிவிலிக்குத் திருப்பி வைத்தால் அந்தத் தூரத்தில் இருப்பது தெளியும். அதற்கு அப்பால் எதுவும் தெளியாது. வளையத்தைக் கிட்டத்துக்குத் திருப்பத் திருப்ப இன்னும் உள்ளே போகலாம். மேலே சொன்ன லென்ஸில் +1 போட்டால் ஒரு மீற்றரிலிருந்து 40 சென்ரிமீற்றர் அளவுக்கு வரலாம். +2 என்றால் 50இலிருந்து 30 அளவுக்கு. இந்தத் தூரங்களைக் கண்ணாடியின் முகப்பிலிருந்து அளக்க வேண்டும். லென்ஸோடு சொல்லப்படும் 85 சென்ரிமீற்றர், சென்சரிலிருந்து அளந்தது; இதை மறந்தால் கணக்குப் பிழைக்கும். வெளிச்சம் குறையாது, எக்ஸ்போஷரை மாற்றவும் தேவையில்லை.

அனமோர்பிக்குக்கு இதில் இன்னொரு நன்மை உண்டு. பலர் அதைக் கவனிப்பதில்லை. அது விளங்கப் பழைய கதை ஒன்று வேண்டும். பிரான்சின் ஆன்றி கிரெத்தியன் 1920களில் செய்த லென்ஸை வைத்துத்தான் 1953இல் பொக்ஸ் நிறுவனம் 'த ரோப்' படத்தோடு சினிமாஸ்கோப்பைக் கொண்டுவந்தது. அகலத்தை ஒடுக்கிப் பதிந்து, திரையில் திரும்ப விரிப்பது அதன் வேலை. கிட்டத்தில் ஃபோகஸ் செய்தபோது ஒடுக்கம் குறைந்துபோனது. விரிப்பு மட்டும் முழுதாக நடந்தது. நடிகர்களின் முகம் கன்னம் வீங்கித் தெரிந்தது. படக்குழுக்கள் அதைக் கூகைக்கட்டு என்றே சொன்னார்கள். பனாவிஷன் கம்பனி பெயரெடுத்தது இந்தக் குறையைத் தீர்த்ததால்தான்.

மலிவான லென்ஸ்களில் அந்த வீக்கம் இன்றைக்கும் கொஞ்சம் மிஞ்சியிருக்கிறது. டயொப்டர் போட்டால் பொருள் தொலைவில் இருப்பதுபோலவே லென்ஸுக்குப் படும். ஒடுக்கம் குறையாது, முகம் முகமாகவே நிற்கும். ஆகவே வளையத்தைக் கடைசிவரை கிட்டத்துக்குத் திருகி மெல்லிய டயொப்டரால் ஒப்பேற்றுவதைவிட, வளையம் முடிவிலிப் பக்கம் நிற்கக்கூடிய டயொப்டரைத் தெரிவதே நல்லது. ஒரு மீற்றருக்குச் சற்று உள்ளே இருக்கும் முகத்துக்கு +1 அளவாக இருக்கும்.

இனிக் காசுக் கதை. +1, +2, +4, +10 என நாலு கண்ணாடி அடுக்கிய பெட்டி மலிவாக வருகிறது. பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். அதில் உள்ளவை எல்லாம் ஒற்றை வில்லைகள். ஒற்றை வில்லை நிறங்களை ஒரே இடத்தில் குவிக்காது. எண் கூடக் கூட ஓரங்களில் ஊதாவும் பச்சையும் கசியும். அகலச் சட்டத்தில் நாங்கள் முகத்தை நடுவில் வைப்பதில்லை, ஒரு பக்கம் ஒதுக்கித்தான் வைக்கிறோம். பழுது தெரிகிற இடமும் அதே ஓரம்தான். இரண்டு வில்லைகளை ஒட்டிச் செய்யும் அக்ரோமற் வகை இந்தக் கசிவைப் பெருமளவு அடக்கும், விலையும் பல மடங்கு.

என் முடிவு இது: மெல்லிய எண்ணில் மிச்சம் பிடியுங்கள், தடித்த எண்ணில் செலவழியுங்கள். +0.5, +1 இரண்டிலும் நல்ல பூச்சுள்ள ஒற்றை வில்லையே போதும். அப்பேர்ச்சரை 4க்கு இறக்கினால் ஓரம் திருத்தமாகும். ரோக்கினாவின் +0.4 அக்ரோமற்றை எல்லோரும் புகழ்கிறார்கள், புகழுக்கு உரியதும்தான். ஆனால் அந்த விலையைக் கொடுத்து வாங்கும் அவசியம் எங்களுக்கு இல்லை. +2க்கு மட்டும் காசு சேர்த்துக் கனன் 500டி போன்ற அக்ரோமற்றைப் பாவித்ததாகவேனும் தேடுங்கள். அந்த அம்மாவின் கையிலுள்ள படம் அதில் சட்டத்தின் பாதி உயரத்துக்கு மேல் வரும். +10 பூச்சி பிடிக்கிறவருக்கு, எங்களுக்கு வேண்டாம்.

அளவைக் கவனியுங்கள். சிறூய் லென்ஸின் வாய் 67 மில்லிமீற்றர். 77 மில்லிமீற்றர் கண்ணாடியும் ஒரு ஸ்ரெப்-அப் வளையமும் வாங்கினால் நாளைக்கு வேறு லென்ஸ் எடுத்தாலும் உதவும். நிக்கோனின் 5ரி நல்ல அக்ரோமற்தான், ஆனால் 62 மில்லிமீற்றர், மூலை இருளும். இரண்டை ஒன்றன்மேல் ஒன்று போட்டால் தடித்தது லென்ஸுக்குக் கிட்ட இருக்க வேண்டும். பழைய தியேட்டர் புரொஜெக்ரர் லென்ஸைக் கமராவின் முன் பொருத்தி இரண்டு ஃபோகஸ் வளையத்தோடு மாரடிப்பவர்கள் இரண்டையும் முடிவிலியில் விட்டு, டயொப்டர் சொல்லும் தூரத்தில் கமராவை வைத்தால் போதும்.

காசு கொடுக்க முன்னர் ஒரு பத்திரிகைத் தாளைச் சுவரில் ஒட்டி, சட்டம் நிரம்ப எடுத்துப் பாருங்கள். அப்பேர்ச்சரைத் திறந்து ஒன்று, 4இல் ஒன்று. நடு எழுத்தைப் பார்க்க வேண்டாம். நாலு மூலையிலும் கறுப்பு எழுத்தின் விளிம்பில் நிறம் ஓடுகிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள். 4இலும் ஓடினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.