மழைக்கு முன் விறகு

ஐப்பசி பிறந்துவிட்டால் நம் கைத்தறிக் கிராமங்களில் இரண்டு வேலைகள் ஒருங்கே தடைப்படுகின்றன. தெருவில் பாவு விரிக்க இயலுவதில்லை; சாய அண்டாவின் கீழ் அடுப்புச் சரிவர எரிவதில்லை. முன்னதற்கு மழையை நோகலாம். பின்னதற்கு மழையை மட்டும் குறை கூறுதல் பொருந்தாது என்பது நமது கருத்து.

தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறையப் பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்திலேயே பெய்கிறது. பொங்கல் விற்பனைக்குரிய துணி தறியில் ஏறும் காலமும் அதுவே. ஆகவே விறகு மிகுதியும் வேண்டப்படும் நாளில்தான் விறகு நனைந்து கிடக்கிறது. அண்டாவின் சூடு தளர்ந்தால் சாயம் சீராகப் பிடிப்பதில்லை. ஒரு கழி நூலுக்கும் மறு கழிக்கும் நிறம் வேறுபடுகிறது. அத்துணி விலை போகாமல் தேங்கும்போது நஷ்டம் சங்கத்தின் ஏட்டில் ஏறுகிறது.

புதிதாய் வெட்டிய மரத்தின் எடையில் சுமார் பாதி நீரே. அவ்வாறாயின் 1,000 கிலோ பச்சை விறகு, நீர் ஐந்தில் ஒரு பங்காகக் குறையும்வரை காய்ந்தபின் 625 கிலோ ஆகிவிடும். பச்சையாக வாங்குபவர் எஞ்சிய 375 கிலோ நீருக்கும் விறகு விலையே கொடுக்கிறார். அந்நீரை ஆவியாக்க அடுப்பின் சூட்டையும் இழக்கிறார். புகையோ அடுப்பின் முன் அமர்ந்த பெண்மணிகளின் கண்ணையும் நெஞ்சையும் வருத்துகிறது.

மழையின் போக்கும் முன்போல நம்பத்தக்கதாக இல்லை. 2016-ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை நம் மாநிலத்தில் வழக்கத்தைவிட 62 சதவிகிதம் குறைந்தது. 2023 டிசம்பரிலோ காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் பெய்தது. 2011 டிசம்பர் 30-இல் கரையேறிய தானே புயல் கடலூர் மாவட்டத்துச் சவுக்குத் தோப்புகளையும் முந்திரித் தோப்புகளையும் சாய்த்தது. இத்தகைய புயலுக்குப் பின் வீழ்ந்த மரம் மலிந்து விலை சரிகிறது. மறு நடவு வெட்டுக்கு வரும்வரை பற்றாக்குறை தொடர்கிறது. வறட்சியிலும் இதே கதைதான்: பட்ட மரம் முதலில் மலியும், இளங்கன்று கருகியதன் விளைவு பின்னர்த் தெரியும். மலிந்த நாளில் உழவர் இழக்கிறார். அரிதான நாளில் நெசவாளர் இழக்கிறார். இடையில் நிற்கும் தரகருக்கு இருநாளும் நல்ல நாளே.

இதற்குப் பரிகாரம் சங்கமே ஒரு விறகுத் தொட்டி வைத்தலாகும். சவுக்கு 3 முதல் 5 ஆண்டுகளில் வெட்டுக்கு வருவது. அதனை வளர்க்கும் அங்கத்தினருடன் முன்கூட்டியே விலை பேசி, மாசி பங்குனியில் வெட்டுவித்துப் பிளந்து, தரையில் படாதபடி கட்டைகளின்மேல் இடைவெளி விட்டு அடுக்க வேண்டும். மேலே கூரையும் பக்கங்களில் காற்றோட்டமும் இருந்தால் ஆவணிக்குள் விறகு நன்கு காய்ந்துவிடும்.

எடை குறைந்தால் தமக்கு நஷ்டமன்றோ என உழவர் வினவுவர். நியாயமான வினாவே. காய்ந்த விறகுக்குப் பச்சை விறகின் விலையைப்போல் 1.6 மடங்கு கொடுத்தால் அவர் பெறும் தொகை குறையாது. நெசவாளரும் மிகையாகக் கொடுத்தவராகார். நீருக்குக் கொடுத்த பணம் விறகுக்குப் போகிறது, அவ்வளவே. காய வைக்கும் மாதங்களுக்கு உழவர் காத்திருக்க இயலாதெனில், வெட்டியவுடன் முன்பணம் அளித்து மீதியைக் காய்ந்த எடையின்பேரில் தீர்க்கலாம்.

ஆறு மாதம் முதல் முடங்கும், வட்டி ஏறும், தீப்பிடிக்கும் என்னும் ஆட்சேபங்களும் உண்டு. வட்டியை விலையில் சேர்த்துக் கணக்கிடலாம். தொட்டியை நூல் கிடங்கிலிருந்து தூரத்தில் அமைத்து இன்ஷூரன்ஸ் செய்யலாம். எரிவாயு வந்தபின் விறகு எதற்கு என்பாரும் உளர். வீட்டு அடுப்பில் மாறுதல் வந்தது மெய்யே. ஆயினும் சாய அண்டாவும் மஞ்சள் வேகவைக்கும் கொப்பரையும் பல ஊர்களில் இன்றும் விறகையே நம்பியிருக்கின்றன.

மழையை நிறுத்தும் அதிகாரம் எந்தச் சங்கத்திற்கும் இல்லை. வெயிலைச் சேமித்து வைக்கும் வழி விறகடுக்கில் இருக்கிறது. உபவிதிகளில் இடமிருப்பின் உடனேயும், இல்லாவிடில் திருத்தியும், அடுத்த பொதுச்சபையிலேயே இதற்கொரு தீர்மானம் கொணருமாறு அங்கத்தினர்களை வேண்டுகிறோம். நெசவாளரும் உழவரும் ஒரே சங்கத்தில் இருந்தும், ஒருவர் விறகை மற்றவர் தரகரிடம் வாங்கும் நிலை நீடித்தல் தகாது.