தேதி தாண்டினால் ஒன்றும் ஆகாதா?

காலாவதியான மருந்து விஷமாகிவிடாது, ஒன்றிரண்டு மாதம் தாண்டினாலும் வேலை செய்யும், அட்டையில் அச்சிட்ட தேதி கம்பெனிகளின் வியாபாரத் தந்திரம் என்ற நம்பிக்கை படித்தவர்களிடமும் வேரூன்றியிருக்கிறது. அப்படிப்பட்ட மருந்தை விற்றவர் செய்தது சின்னக் கவனக்குறைவுதான் என்ற சமாதானமும் இதிலிருந்தே பிறக்கிறது. நம்பிக்கையில் ஓரளவு உண்மை உண்டு. சமாதானத்தில் துளியும் இல்லை.

அந்த நம்பிக்கைக்கு ஆதாரமாகக் காட்டப்படுவது, அமெரிக்க ராணுவக் கையிருப்புக்காக 1986இல் தொடங்கிய மருந்து ஆயுள் நீட்டிப்புத் திட்டம். 2006இல் வெளியான அதன் ஆய்வில், 122 மருந்துகளைச் சேர்ந்த தொகுதிகளில் 88 சதவீதம் தேதிக்குப் பிறகும் ஓராண்டாவது தாக்குப்பிடித்தன. ஆனால் அவை பிரிக்காத பெட்டிகளில், உரிய வெப்பநிலையில் வைக்கப்பட்டவை. ஒவ்வொரு தொகுதியையும் ஆய்வகத்தில் சோதித்த பிறகே ஆயுள் நீட்டிக்கப்பட்டது. சித்திரை வெயிலில் தகரக் கூரைக்கடியில் வெந்துகொண்டிருக்கும் கடை அலமாரியை யாரும் சோதிப்பதில்லை.

எல்லா மருந்தும் ஒரே வேகத்தில் கெடுவதுமில்லை. நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கும் நைட்ரோகிளிசரின் வீரியம் இழந்திருந்தால், வலி அடங்காதபோதுதான் அது தெரியவரும். வீரியம் குறைந்த ஆன்டிபயாடிக் கிருமியை ஒழிக்காமல், மருந்தை எதிர்க்கப் பழக்கிவிடக்கூடும். சிதைந்த டெட்ராசைக்ளின் சிறுநீரகத்தைப் பாதித்த நிகழ்வுகள் 1963இலேயே மருத்துவ இதழில் பதிவாகியுள்ளன.

தேதி என்பது தயாரிப்பாளர் தரும் உத்தரவாதத்தின் எல்லை. மாதமும் ஆண்டும் மட்டும் இருந்தால், அம்மாதத்தின் கடைசி நாள்வரை அது செல்லும். அதன்பின் மருந்து நல்லதா கெட்டதா என்று கடைக்காரரால் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால்தான் சட்டம் தீங்கு நேரும்வரை காத்திருப்பதில்லை. 1945ஆம் ஆண்டு மருந்து விதிகளின் 65(17), தேதி தாண்டிய மருந்தை விற்பதை மட்டுமல்ல, இருப்பில் வைப்பதையும் தடுக்கிறது. கம்பெனிக்குத் திருப்பி அனுப்பக் காத்திருப்பவற்றைத் தனியே, ‘விற்பனைக்கு அல்ல’ என்று மேலே எழுதிய பெட்டியில் வைக்க வேண்டும். மீறினால், 1940ஆம் ஆண்டு மருந்துச் சட்டத்தின் 27(டி) பிரிவு ஓராண்டு முதல் ஈராண்டுவரை சிறையையும் குறைந்தது 20,000 ரூபாய் அபராதத்தையும் விதிக்கிறது. 2023இன் திருத்தம், பணம் கட்டி வழக்கைத் தீர்த்துக்கொள்ள வழிவிட்டது. ஆனாலும் உரிமம் நிறுத்திவைக்கப்படலாம், ரத்தாகவும் செய்யலாம்.

‘கவனிக்கவில்லை’ என்ற பதிலும் நிற்காது. மருந்தின் தன்மை தெரியாது என்பது மட்டும் தற்காப்பாகாது என்கிறது அதே சட்டத்தின் 19ஆம் பிரிவு. உரிய கவனம் எடுத்தும் அறிய முடியாதிருந்த வணிகருக்கு அது விலக்களிக்கிறது. அட்டையிலேயே அச்சாகியிருக்கும் தேதியை அறிய முடியவில்லை என்று யார் சொல்ல முடியும்? பத்து மாத்திரை அட்டையில் நான்கைக் கத்தரித்துக் கொடுக்கும்போது தேதியுள்ள ஓரம் கடையிலேயே தங்கிவிடுகிறது. வாங்குபவருக்கு இல்லாமல்போகும் அந்த ஓரம் விற்பவர் கையில்தான் இருக்கிறது.

2010இல் சென்னையில் பிடிபட்ட கும்பல், குப்பைக்குப் போக வேண்டிய மருந்துகளில் பழைய தேதியை அழித்துப் புதுத் தேதி அச்சிட்டு மீண்டும் சந்தைக்கு அனுப்பியது. தேதி வெறும் தந்திரமாக இருந்தால், அதை அழிக்க அவ்வளவு மெனக்கெட்டிருக்க வேண்டியதில்லை.