இல்லத்து வன்முறையும் வளரிளம் பருவத்தினரும்

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிப் படிவத்திற்குக் கீழே நிலத்தடி நீர் பேரழுத்தத்துடன் நிற்கிறது. எக்கிகள் இரவு பகலாக அதனை இறைத்து வெளியேற்றுவதால்தான் மேலே சுரங்கத் தொழில் நடைபெறுகிறது. தந்தை தாயை அடிப்பதைக் கண்டு வளரும் பிள்ளையின் உள்ளமும் இத்தகையதே. ஆனால் அங்குள்ள அழுத்தம் வெளியேற நாம் வழி செய்திருக்கிறோமா?

2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் மணமான பெண்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ 38 பேர் கணவரின் வன்முறைக்கு ஆளானவர்கள். அவர்தம் பிள்ளைகள் அக்கணக்கில் இடம்பெறவில்லை. அடி தம்மீது விழாவிடினும் அவர்களுக்கு உறக்கம் கெடுகிறது. படிப்பில் மனம் ஒன்றுவதில்லை. அடிப்பதே ஆண்மை என்று சிலரும், பொறுப்பதே பெண்மை என்று சிலரும் கற்றுக்கொள்கின்றனர்.

நகரியத்தில் இதற்குத் தனித்த ஓர் இடர் உண்டு. குடியிருப்பு, பணியோடு பிணைந்தது. உடன் பணியாற்றுபவரே பக்கத்து வீட்டுக்காரர். வெளியே சொன்னால் வேலைக்கும் வீட்டுக்கும் கேடு வருமோ என்றஞ்சும் தாய், தானும் மௌனமாகிப் பிள்ளையின் வாயையும் அடைத்துவிடுகிறாள்.

கணவன் மனைவி பிணக்குகளைத் தீர்த்துவைக்கும் நம் மஹல்லா ஜமாஅத்துகளின் தொண்டு போற்றத்தக்கது. எனினும் அச்சமரசப் பேச்சில் இருவீட்டுப் பெரியவர்களும் அமர்கின்றனரேயன்றி, நடந்ததைக் கண்ணால் கண்ட பிள்ளையை எவரும் வினவுவதில்லை. சமரசம் நிலைத்ததா, முறிந்ததா என்பதை முதலில் அறிவதும் அப்பிள்ளையே. புதுக்கோட்டையில் தாவூத் ஷரீஃபா கானம் பெண்களுக்கென ஜமாஅத் ஒன்றை நிறுவியது, பெண்கள் தம் குறையைத் தாமே எடுத்துரைக்க இடமில்லை என்பதனாலேயாம். பிள்ளைகளுக்கோ இன்றளவும் அத்தகைய இடமில்லை.

குடும்ப மானம் என்னாவது என்று சிலர் வினவலாம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் மனைவியரையோ பணியாளரையோ ஒருபோதும் அடித்ததில்லை என ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். மானம் போவது அடிக்கும்போதுதான், உதவி நாடும்போதன்று.

2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் உள்ள குடும்ப வன்முறைப் பாதுகாப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, அண்டை வீட்டார் உள்ளிட்ட எவரும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் தரலாம் என்கிறது. நல்லெண்ணத்துடன் தகவல் தருபவர்மீது சட்டப் பொறுப்பு எதுவும் சாராது. சிறாருக்கு 1098, பெண்களுக்கு 181 ஆகிய தொலைபேசி உதவிகளும் உள்ளன.

சட்டம் இருப்பினும் மாணவர் அதனிடம் நேரே செல்வதில்லை; நம்பும் ஒருவரிடமே முதலில் செல்வர். ஆகவே ஜமாஅத் ஒவ்வொன்றும் பிள்ளைகளைத் தனித்துச் சந்தித்துப் பேசக் கற்றறிந்த பெண்மணி ஒருவரை அமர்த்தல் வேண்டும். அண்டை வீட்டார், அழுகுரல் எழும் இரவில் அப்பிள்ளைக்குத் தம் கதவைத் திறந்துவைத்தல் வேண்டும். ஆசிரியர், திடீரென மதிப்பெண் குறைந்த மாணவனைக் கடிந்துகொள்ளுமுன், அவன் நேற்றிரவு உறங்கினானா என்று தனியே கேட்டல் வேண்டும். மாணவச் செல்வங்களே, உங்கள் வீட்டில் நிகழும் வன்முறை உங்கள் குற்றமன்று. அதனை நம்பகமான ஒருவரிடம் சொல்வது துரோகமும் அன்று. நீங்கள் சொல்ல முன்வரும்போது செவிமடுப்பது எம் கடமையாகும்.