வெட்டியெடுத்த பகுதிகள்

அண்மையில் ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் சென்று, ஓய்வு பெற்ற ஆசிரிய நண்பர் ஒருவர் இல்லத்தில் ஒரு மாலைப்பொழுதைக் கழித்தோம். இசைப்பிரியரான அவர் ஒரு பழைய ஒலிப்பதிவைக் கேட்கச் செய்தார். மையர்பீர் இசையமைத்து, 1836-இல் பாரிசில் அரங்கேறிய 'ஹியூகனோக்கள்' என்னும் ஐந்து அங்கப் பிரெஞ்சு இசைநாடகம் அது. 1962-இல் மிலான் நகரின் லா ஸ்காலா அரங்கில், மக்கள் முன்னிலையில் நடந்தபோதே பதிவானது. ஜோன் சதர்லாந்து, பிராங்கோ கொரெல்லி முதலிய பெரும் பாடகர்களின் குரல்களோடு கரவொலியும் நம் செவியில் விழுகிறது.

நம் ஊர்களில் விடிய விடிய நடந்த சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகங்களைப் போல இதுவும் நீண்டது. முழுமையாக நடித்தால் ஏறத்தாழ நான்கு மணி நேரமாகும். மிலானிலோ இத்தாலிய மொழியில் பாடியதோடு, பல பகுதிகளை வெட்டியும் விட்டனர்.

வெட்டுதல் இந்நாடகத்துக்குப் புதிதன்று. 1572 ஆகஸ்டு 24, புனித பார்த்தொலொமேயு திருநாளன்று பாரிசில் தொடங்கிய படுகொலையே இதன் கரு. கத்தோலிக்கர் கையால் ஆயிரக்கணக்கான புரொட்டஸ்டாண்டார் மாண்டனர். நாடகத்தில் துறவியர் வாள்களை ஆசீர்வதிக்கின்றனர். இறுதியில், சுடுமாறு ஆணையிட்ட கத்தோலிக்கப் பிரபு, மாண்டவருள் தன் மகளும் கிடப்பதைக் காண்கிறான். அவள் புரொட்டஸ்டாண்டு இளைஞன் ஒருவனைக் காதலித்தவள். இக்கதை மனத்தை உறுத்தியதால், கத்தோலிக்க நகரங்களான மியூனிக்கிலும் வியன்னாவிலும் காலத்தையும் கட்சிகளையும் மாற்றி, வேறு பெயரிட்டு நடித்தனர்.

வாள்களை ஆசீர்வதித்தது நாடகக் கற்பனையாகலாம், படுகொலை கற்பனையன்று. செய்தி உரோமைக்கு எட்டியபோது திருத்தந்தை பதின்மூன்றாம் கிரகோரியார் நன்றிக் கீதம் பாடச் செய்து, நினைவுப் பதக்கமும் வெளியிட்டார் என்பது வரலாறு. இதை நம் பிள்ளைகளுக்கு எத்தனை பேர் சொல்லியிருக்கிறோம்? 1997 ஆகஸ்டில் பாரிசில் உலக இளைஞர் நாள் திருவிழிப்பின்போது, திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அதை மறைக்கவில்லை. நற்செய்தி கண்டிப்பதைக் கிறிஸ்தவர்கள் செய்தார்கள் என்று வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார்.

கேட்டு முடித்தபோது ராஜபாளையத்தில் நாம் அறிந்த ஒரு குடும்பம் நினைவுக்கு வந்தது. மகள் தென்னிந்தியத் திருச்சபை இளைஞர் ஒருவரை மணந்தாள். அன்றுமுதல் தந்தை அவளோடு பேசுவதில்லை. வீட்டுப் புகைப்படத் தொகுப்பில் அவள் முகம் இருந்த இடமெல்லாம் கத்தரிக்கோலால் வெட்டப்பட்டிருக்கிறது. "எங்கள் வீட்டில் பெண் பிள்ளையே இல்லை" என்கிறார் அவர். தாயோ, வெட்டியெறிந்த துண்டுகளை ஜெபமாலைப் பெட்டியில் பத்திரப்படுத்தியிருக்கிறார்.

அந்தத் தந்தைக்கு ஒரு சொல். ஆயரின் அனுமதியோடு இத்தகைய திருமணம் நடைபெறத் திருச்சபைச் சட்டமே வழி வகுத்துள்ளது. பிரிந்த கிறிஸ்தவரைச் சகோதரராக மதிக்குமாறு இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-லேயே கற்பித்தது. திருச்சபை திறந்த கதவை, ஐயா, தாங்கள் ஏன் அடைத்து வைக்கிறீர்கள்?

நாடகத்தில் வெட்டியதை மற்றொரு மேடையில் சேர்த்துப் பாடலாம். வாழ்வில் வெட்டியதைச் சேர்க்கவோ காலம் குறுகியது. அந்தப் பெட்டியை இன்றே திறக்கச் சொல்லுங்கள்.