நானூறு வரி மெத்தடும் தாத்தாவின் நூறு ரூபாயும்

காலை ஏழரை மணி. தாம்பரம் ஜி.எஸ்.டி. சாலை ஓரம் கழுத்தில் அடையாள அட்டையோடு கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருக்கிறது ஒரு கூட்டம். சிலர் மேடவாக்கம் வழியாகச் சோழிங்கநல்லூருக்கு, சிலர் சிறுசேரிக்கு, இன்னும் சிலர் மறைமலை நகர் தாண்டி மஹிந்திரா சிட்டிக்கு. "என்னப்பா வேலை உனக்கு?" என்று வீட்டுப் பாட்டி கேட்டால், "புரோகிராம் எழுதறேன் பாட்டி" என்பார்கள். அது பாதி உண்மைதான். எழுதுகிற நேரத்தைவிட, யாரோ எப்போதோ எழுதிவிட்டு வேறு கம்பெனிக்குப் போய்விட்ட புரோகிராமைப் படித்துப் புரிந்துகொள்ளத்தான் பல பேருக்கு நாள் போகிறது.

அப்படிப் படிப்பதில் பெரிய தலைவலி, நீளமான மெத்தட். புரோகிராமுக்குள் ஒரு வேலையைச் செய்யப் பெயர் வைத்துப் பிரித்த பகுதிதான் மெத்தட். ஃபங்ஷன் என்றும் சொல்வார்கள். தமிழிலேயே புரோகிராம் எழுத முத்து அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' மொழியில் இதற்கு 'நிரல்பாகம்' என்று பெயர். பாகம் என்ற சொல்லே விஷயத்தைச் சொல்லிவிடுகிறது. ஆனால், முழுப் புரோகிராமையும் ஒரே பாகமாக எழுதி வைத்தால்?

குரோம்பேட்டையில் ஒரு பள்ளி. கட்டணம் வசூலிக்க ஒரு சாஃப்ட்வேர் என்று வைத்துக்கொள்வோம். அதில் 'பிராசஸ் ஃபீஸ்' என்று ஒரு மெத்தட், 400 வரி. மாணவர் விவரம் எடுப்பது, வேன் கட்டணம், அண்ணன் தங்கை ஒரே பள்ளியில் படித்தால் சலுகை, தாமத அபராதம், ரசீது, எஸ்.எம்.எஸ். எல்லாம் அதற்குள்ளேயே. அபராதக் கணக்கு மட்டும் இரண்டு இடத்தில் இருக்கிறது. 90-வது வரியில் மொபைலில் பணம் கட்டுபவர்களுக்கு, 310-வது வரியில் கவுன்டரில் கட்டுபவர்களுக்கு.

10-ம் தேதிக்குப் பிறகு அபராதம் என்பதை 15-ம் தேதி என்று நிர்வாகம் மாற்றுகிறது. வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதமான பெண் 90-வது வரியைத் திருத்துகிறார். 310-வது வரி இருப்பதே அவருக்குத் தெரியாது. 12-ம் தேதி, பென்ஷன் பணத்தோடு பேத்தியின் கட்டணத்தைக் கட்ட வரிசையில் நிற்கிறார் ஒரு தாத்தா. நூறு ரூபாய் அபராதம். "15 வரைக்கும் டைம்னு சர்க்குலர் வந்துச்சேம்மா?" "சிஸ்டம் அப்படித்தான் காட்டுது சார்."

இதற்கான வைத்தியம்தான் ரீஃபேக்டரிங். புரோகிராம் வெளியே செய்யும் வேலையை மாற்றாமல், உள்ளே மட்டும் ஒழுங்குபடுத்துவது. மார்ட்டின் ஃபவுலர் 1999-ல் இதற்கென்றே ஒரு புத்தகம் எழுதினார். எப்போது ஒழுங்குபடுத்த வேண்டும் என்பதை அதில் 'வாடை' என்றே சொல்கிறார்கள். அப்படி யோசித்தவர் அவருடைய நண்பர் கென்ட் பெக். அப்போது அவர் வீட்டில் கைக்குழந்தை. அந்த வாடையின் பாதிப்பாக இருக்கலாம் என்று ஃபவுலரே கிண்டலடித்திருக்கிறார். டயபர் மாற்றிய அப்பாக்களுக்கு விளக்கம் தேவையில்லை. நீளமான மெத்தடும் அந்த வாடைப் பட்டியலில் உண்டு.

அந்தப் பெண் செய்திருக்க வேண்டியது, முதலில் பிரிப்பது, பிறகு மாற்றுவது. இரண்டையும் ஒரே மூச்சில் செய்தால் எதனால் தப்பு வந்தது என்று தெரியாது. அபராத வரிகளைத் தேர்வு செய்து, இன்டெலிஜே போன்ற மென்பொருளில் கன்ட்ரோல், ஆல்ட், எம் மூன்றையும் சேர்த்து அழுத்தினால், அவை தனி மெத்தடாகிவிடும். 310-வது வரியும் அதையே அழைக்கும்படி செய்து, பழைய கணக்கே வருகிறதா என்று டெஸ்ட் ஓட்டிப் பார்க்க வேண்டும். அதன் பிறகுதான் 10-ஐ 15 ஆக்குவது. ஒரே இடத்தில்.

கஷ்டமெல்லாம் பெயர் வைப்பதில்தான். 'பிராசஸ் 2', 'ஹேண்டில் டேட்டா' என்று வைத்தால் பிரித்தும் பிரயோஜனமில்லை. 'தாமத அபராதம் கணக்கிடு' என்றால் உள்ளே போய்ப் பார்க்காமலே புரியும். பெயருக்கு நடுவில் 'மற்றும்' வந்தே தீரும் என்றால், உள்ளே இன்னும் இரண்டு வேலை இருக்கிறது என்று அர்த்தம். 2021 நவம்பரில் பத்து உள்ளாட்சிகளைச் சேர்த்துத் தாம்பரம் மாநகராட்சி ஆக்கியபோதும், 5 மண்டலம், 70 வார்டு என்று பிரிக்கத்தானே வேண்டியிருந்தது? சிட்லபாக்கத்தில் தெருவிளக்கு எரியவில்லை என்றால், எந்த வார்டு என்றுதான் முதல் கேள்வியே.

நூறு ரூபாயோடு போகாத கதையும் உண்டு. 2007-ல் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் ஒரு டொயோட்டா கேம்ரி கார் கட்டுப்பாடு இழந்து மோதியதில் ஒரு பெண் உயிரிழந்தார். 2013-ல் வழக்கு விசாரணைக்கு வந்தபோது, காரின் மென்பொருளை ஆராய்ந்த நிபுணர் மைக்கேல் பார் சாட்சி சொன்னார். எத்தனை 'இப்படியானால் அப்படி' கிளைகள் இருக்கின்றன என்பதை வைத்து ஒரு ஃபங்ஷனின் சிக்கலை எண்ணால் அளக்கலாம். 1976-ல் தாமஸ் மெக்கேப் கொடுத்த முறை அது. அவர் சொன்ன வரம்பு 10. 50-ஐத் தாண்டினால் சோதிக்கவே முடியாது என்பார்கள். இன்ஜினின் த்ராட்டிலைக் கவனிக்கும் ஃபங்ஷன் 100-ஐத் தாண்டியிருந்தது என்றார் பார். 2011-ல் நாசா செய்த ஆய்வில் எலெக்ட்ரானிக் கோளாறுக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. ஆனாலும் ஜூரி, நிறுவனத்தைத்தான் பொறுப்பாக்கியது. நீளமான ஃபங்ஷன்தான் விபத்துக்குக் காரணம் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. அதைச் சோதித்து, 'இது காரணமில்லை' என்று நிரூபிப்பதும் அதே அளவுக்குக் கஷ்டம் என்பதுதான் பயமுறுத்துகிறது.

விண்கலங்களை அனுப்பும் நாசாவின் ஜே.பி.எல். ஆய்வகத்தில் ஜெரார்ட் ஹோல்ஸ்மன் 2006-ல் வகுத்த பத்து விதிகளில் ஒன்று, ஒரு ஃபங்ஷன் ஒரு தாளில் அடங்க வேண்டும் என்பது. சுமார் 60 வரி.

அதற்காக மூன்று வரிக்கு ஒரு மெத்தட் என்று நறுக்கித் தள்ளுவதும் சரியில்லை. பேராசிரியர் ஜான் ஊஸ்டர்ஹவுட் தன் 2018 புத்தகத்தில் இதைத்தான் எச்சரிக்கிறார். ஒன்றைப் புரிந்துகொள்ள ஒன்பதைத் திறக்க வேண்டியிருந்தால், அது "நாலாவது கவுன்டருக்குப் போங்க, அங்கிருந்து ஏழாவது கவுன்டருக்குப் போங்க" கதைதான். இப்போது ஏ.ஐ.யிடம் கேட்டால் நொடியில் பிரித்துக் கொடுத்துவிடுகிறது. பெயர் பொருந்துகிறதா, கணக்கு மாறவில்லையா என்று பார்ப்பது மட்டும் இன்னும் மனிதர் வேலைதான்.

400 வரியையும் ஒரே வார இறுதியில் சரிசெய்ய உட்கார வேண்டாம். இன்று எந்த இடத்தைத் தொட வேண்டியிருக்கிறதோ, அதை மட்டும் பிரித்தால் போதும். மீதியை அடுத்த முறை கை வைக்கும்போது பார்த்துக்கொள்ளலாம்.

தாத்தாவின் நூறு ரூபாயா? அடுத்த மாதக் கட்டணத்தில் கழித்துக்கொள்வதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அதற்கு இன்னொரு மெத்தட் எழுத வேண்டும்.