மசக்கையும் மாமியார் தீர்ப்பும்

குடித்த தண்ணீரும் வயிற்றில் தங்காமல், படுக்கையை விட்டு எழ இயலாமல் கிடக்கும் கர்ப்பிணிக்கு, சிட்னியின் வென்ட்வேர்த்வில் முதல் மெல்பேர்ணின் டன்டினோங் வரை பல தமிழ் வீடுகளில் வழங்கப்படும் தீர்ப்பு ஒன்றுதான்: "மசக்கை எல்லாருக்கும் வாறதுதானே, நாங்கள் பிள்ளை பெறேல்லையோ?" செல்லமாக வளர்ந்தவள், வேலைக்குச் செல்ல மனமில்லாதவள் என்ற பட்டங்களும் பின்னாலேயே வந்து சேரும்.

இத்தீர்ப்பு தவறானது மட்டுமன்று, ஆபத்தானதும் கூட. மருத்துவர்கள் 'ஹைப்பரெமெசிஸ் கிராவிடாரம்' என அழைக்கும் கடும் வாந்தி நோய், சாதாரண மசக்கையன்று. உடல் எடை சரியும், நீர் வற்றும், தயமின் என்னும் உயிர்ச்சத்து தீர்ந்து மூளையே பாதிக்கப்படுவதும் உண்டு.

யாருக்கு இது வருகிறது? 1967 முதல் 2005 வரை நோர்வேயில் பதிவான ஒன்பது இலட்சம் கர்ப்பங்கள் ஆராயப்பட்டன. அந்நாட்டில் பிறந்த பெண்களில் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவாகவே இந்நோய் காணப்பட்டது. இந்தியாவிலும் இலங்கையிலும் பிறந்தவர்களிலோ நூற்றுக்கு மூவருக்கு மேல்! "எங்கட ஆக்களுக்கு இதெல்லாம் வாறேல்லை" என்போர் இந்த எண்ணைப் பார்க்கட்டும்.

2010இல் வெளியான மற்றொரு நோர்வே ஆய்வு இன்னும் கூர்மையானது. தாய்க்கு இந்நோய் இருந்திருந்தால் மகளுக்கு வரும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்கு. மருமகளுக்கு அவ்வாறான தொடர்பு காணப்படவில்லை. ஆகவே மாமியாரின் அனுபவம், அது எத்தகையதாயினும், இவ்விடயத்தில் சான்றாகாது. பேச வேண்டியவர் பெற்ற தாய். அவரோ பெரும்பாலும் வாய் திறப்பதில்லை. போருக்கும் இடப்பெயர்வுக்கும் நடுவே பிள்ளை பெற்ற பலரிடம் மருத்துவப் பதிவேடு ஏது? அவர்களது நினைவே பதிவேடு. அதையும் வெட்கத்தால் பூட்டி வைத்தால் மகள் எங்கே போவாள்?

முந்தைய கர்ப்பத்தில் இந்நோய் வந்திருத்தல், இரட்டைக் கரு ஆகியனவும் வாய்ப்பைக் கூட்டுகின்றன. கருவைப் பெண் மனத்தால் வெறுப்பதே காரணம் என்று மேலைநாட்டு மருத்துவரும் ஒரு காலத்தில் பிதற்றியதுண்டு. 2023இல் வெளியான ஆய்வு அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. ஜீ.டீ.எவ்-15 என்னும் சுரப்பு கர்ப்பத்தில் திடீரெனப் பெருகுகிறது. கருவுறுமுன் அது குறைவாக இருந்த உடல் அப்பெருக்கைத் தாங்குவதில்லை. இச்சுரப்பு இயல்பாகவே மிகுந்திருக்கும் தலசீமியா நோயுள்ள இலங்கைப் பெண்களுக்குக் கர்ப்பகால வாந்தி மிக அரிதாகவே ஏற்பட்டமையும் அதே ஆய்வில் பதிவாகியது. இதில் செல்லம் எங்கே வந்தது?

மருந்தென்றாலே அஞ்சுவோர் உளர். மசக்கைக்கெனத் தரப்பட்ட தலிடமைட்டைப் பற்றி 1961இல் எச்சரித்தவரே சிட்னி மருத்துவர் வில்லியம் மக்பிரைட் தான். அச்சத்துக்கு வரலாறு உண்டு. ஆனால் அதன் பின்னரான மருந்துகள் பல்லாண்டுகள் ஆராயப்பட்டவை. இந்நோயை அளவிட்டுச் சிகிச்சையளிக்க 2019இல் அவுஸ்திரேலிய, நியூசிலாந்து மகப்பேற்று மருத்துவ வல்லுநர்கள் வழிகாட்டியே வெளியிட்டுள்ளனர். நியூ சவுத் வேல்ஸ் பெண்கள் ரான்ட்விக்கிலுள்ள 'மதர்சேஃப்' சேவையிடம் தொலைபேசியிலேயே மருந்து பற்றிக் கேட்கலாம்.

நீர் தங்காவிடின், சிறுநீர் குறைந்து நிறம் அடர்ந்தால், எழும்போது தலை சுற்றினால் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அரச மருத்துவமனைகளில் மொழிபெயர்ப்பாளரை இலவசமாகக் கேட்டுப் பெறலாம். அப்பணியைக் கணவனிடமோ மாமியாரிடமோ விட்டால், பத்து நாள் பட்டினி "கொஞ்சம் சத்தி" என்றே மருத்துவரின் காதில் விழும்.