கிழக் கோழிக்கு வலி மாத்திரையா?

கோழிக்கு வயதானால் முட்டை குறையும்.

நாமக்கல் பண்ணைகளில் வெள்ளைக் கோழி சுமார் 20-வது வாரத்தில் முட்டையிடத் தொடங்குகிறது. நல்ல பருவத்தில் 100 கோழிக்கு நாள் ஒன்றுக்கு 90 முட்டைக்கு மேல் கிடைக்கும். 72 வாரம் தாண்டினால் அந்த வேகம் இராது. முட்டை பெரிதாகும்; ஓடு மெலியும். கூடையில் வைக்கும்போதே உடையும்.

வயதான கோழியின் ஈரலிலும் சினைப்பையிலும் இலேசான அழற்சி உண்டாகிறது. அதாவது, உள்ளுக்குள் புண்பட்டது போன்ற வீக்கம். "வீக்கத்துக்குத்தான் மாத்திரை இருக்கிறதே! கோழிக்குக் கொடுத்தால் என்ன?" என்று சிலர் கேட்கிறார்கள்.

கொடுக்கக்கூடாது!

முட்டை வெளியே வருவது எப்படி?

ஒரு முட்டை உருவாக ஏறக்குறைய 25 மணி நேரம் ஆகிறது. அதில் சுமார் 20 மணி நேரம் ஓடு கட்டவே போய்விடும். ஓடு முடிந்ததும் கருப்பை சுருங்கி முட்டையை வெளியே தள்ளுகிறது. அப்படிச் சுருங்கச் செய்யும் பொருளுக்குப் புராஸ்டாகிளாண்டின் என்று பெயர்.

வீக்கத்தையும் வலியையும் உண்டாக்குவதும் இதே பொருள்தான். ஆஸ்பிரின் இதைத் தடுக்கிறது என்று 1971-ல் இங்கிலாந்து விஞ்ஞானி ஜான் வேன் கண்டுபிடித்தார். 1982-ல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது.

ஆக, வீக்கத்தை அடக்கும் மாத்திரை முட்டையையும் தடுக்கிறது. இண்டோமெதசின் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்தபோது, கோழிகள் நேரம் தவறி முட்டையிட்டன.

ஸ்டீராய்டு மருந்து இன்னும் மோசம். அளவு மீறினால் சினைப்பையே சுருங்கிவிடும்.

வெயில் காலத்தில் தீவனத்தில் ஆஸ்பிரின் கலந்து பார்த்த ஆராய்ச்சிகளும் உண்டு. பலன் ஒரே மாதிரி இல்லை. அதெல்லாம் கால்நடை டாக்டர் பார்க்கவேண்டிய காரியம்.

டைக்ளோபினாக் மருந்தின் கதை ஊரறிந்தது. அந்த மருந்து கொடுத்த மாடு செத்தபின், அதைத் தின்ற கழுகுகள் கூட்டம் கூட்டமாக மாண்டன. 2006-ல் இந்திய அரசு அதைக் கால்நடைகளுக்குக் கொடுக்கக்கூடாது என்று தடை செய்தது. கோழியின் சிறுநீரகத்தையும் அது கெடுக்கும்.

வீட்டுக்கும் ஆபத்து

மஞ்சள் கரு வளர ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். இன்று கொடுத்த மருந்து, நிறுத்திய பிறகும் சில நாள் முட்டையில் இருக்கலாம். பிள்ளைக்கு ஊட்டுவது முட்டையா, மாத்திரையா?

மருந்துக்குச் செலவிடும் காசில் கிளிஞ்சல் வாங்கலாம். ஒரு முட்டையின் ஓட்டுக்கு 2 கிராம் சுண்ணாம்புச் சத்து வேண்டும். ஓடு பெரும்பாலும் இரவில்தான் கட்டுகிறது. ஆகவே, நொறுக்கிய கிளிஞ்சலை மாலையில் வைப்பது நல்லது. பகல் வெளிச்சமும் விளக்கும் சேர்ந்து 16 மணி நேரம் இருக்கவேண்டும். கோடையில் நிழலும் குளிர்ந்த தண்ணீரும் அவசியம். செல், பேன், குடற்புழு இருக்கின்றனவா என்றும் பார்க்கவேண்டும்.

இத்தனைக்கும் முட்டை வரவில்லையா? கோழியைத் தூக்கி, வாலுக்குக் கீழே உள்ள இரண்டு இடுப்பு எலும்புகளுக்கு நடுவே விரலை வைத்துப் பார்க்கலாம். இரண்டு மூன்று விரல் நுழைந்தால் கோழி இன்னும் முட்டையிடுகிறது. ஒரு விரல்தான் நுழைகிறது, கொண்டையும் வெளிறிச் சுருங்கியிருக்கிறது என்றால், முட்டை நின்றுவிட்டது.

அந்தக் கோழியை விற்பதா, வளர்ப்பதா என்பது வீட்டுக்காரியின் இஷ்டம்.